காடிக் காற்றில் கருத்த செம்பு

வேதமுத்து தாராவிக்காரர், பதினேழு வருஷமாக ஏசி மெக்கானிக். மான்குர்த் பக்கம், மும்பையில் காடி என்று சொல்லும் கடல்கழிக்கு எதிரே, புதுக் கட்டடம் ஒன்று எழும்பியபோது எண்பது வீட்டு ஏசி வேலையும் அவருக்கே கிடைத்தது. இனிமேல் தலைநிமிர்ந்துவிடலாம் என்று அவரும் மனைவி ஜெஸியும் நம்பினார்கள்.

இரண்டாவது கோடையில் ஒவ்வொரு ஏசியாகக் குளிராமல் போனது. திறந்து பார்த்தால் செம்புக் குழாய் கரி அப்பியதுபோல் கருத்திருக்கும். சோப்பு நுரை தடவினால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து குமிழ் கிளம்பும். ஓட்டையைப் பற்றவைத்து அடைத்து, கேஸ் நிரப்பிக் கொடுப்பார். ஏழெட்டு மாதத்தில் அதே குழாய் வேறோர் இடத்தில் ஒழுகும்.

ஒன்பதாம் மாடி கனகவள்ளி டீச்சர்தான் முகத்துக்கு நேரே கேட்டார்.

“இது மூணாவது தடவை வேதமுத்து. நீங்களே ஓட்டை போட்டுட்டுப் போறீங்கன்னு பில்டிங்ல பேசிக்கிறாங்க.”

“எண்பது வீட்லயுமா டீச்சர் போடுவேன்?”

“எண்பது வீட்டுக்கும் நீங்கதானே வர்றீங்க.”

அவர் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் மர்யம் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் செம்புத் தகடுகளைத் தொங்கவிட்டாள். கடலோரத்திலிருந்து காற்றில் கலக்கும் வாயுக்களை அளப்பது அவள் வேலை. ஒரே மாதத்தில் தகடுகள் கருத்துப்போயின. வேதமுத்து விசாரித்தார். கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும் நேரத்தில் காடியின் சேறு வெளியே தெரிகிறது. அதற்குள் மக்கிக் கிடக்கும் இலைதழையிலிருந்து கந்தக வாயு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான், செம்பைத் தின்பதும் அதுதான் என்று ஹிந்தியில் விளக்கினாள்.

“நிறுத்த வழி இருக்கா?”

“கடல் வத்தாம இருந்தாத்தான் அண்ணா. இந்தக் கட்டடம் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே இது வந்துட்டுதான் இருக்கு.”

பழி நீங்கிவிடும் என்று அன்று ஒருநாள் நிம்மதியாக இருந்தார். கருத்த தகடு ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறிக் காட்டினார். “உன் திருட்டுக்குக் கடல் மேல பழியா?” என்றார் குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரட்டரி. மறுநாளே வாட்ச்மேன் அவரை கேட்டில் நிறுத்திவிட்டான். மர்யமின் அறிக்கை வந்தால் காட்டலாம் என்று காத்திருந்தார். ஆனால் ஆராய்ச்சிக்கான நிதி பாதியில் நின்று, அவள் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டாள். அறிக்கை எழுதவேயில்லை என்று போனில் வருத்தத்தோடு சொன்னாள்.

அங்கே அடுத்து வந்த மெக்கானிக் மாட்டிய குழாயும் கருத்தது. அவரையும் மாற்றினார்கள். அதற்காக யாரும் வேதமுத்துவைத் திரும்பக் கூப்பிடவில்லை. திருடன் என்ற பேச்சு செம்பூர் வரை பரவி, இருந்த வாடிக்கையும் போயிற்று. ஐம்பத்தொரு வயதில் பாண்டுப்பில் ஒரு கடையில் கூலிக்குச் சேர்ந்தார்.

“ஒங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்லா, அது போதாதா?” என்றாள் ஜெஸி.

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?” என்றார். எட்டரை மணி வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார்.