எண்ணெய்க் கட்சி

குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது என்பது அரசாங்க விதி. அது சரியா தவறா என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது. தடை வேண்டும் என்ற அணிக்கு நான் தலைவன். எண்ணெய் தேய்க்காமல் குளிக்க அருவி எதற்கு, வீட்டுக் குழாய் போதாதா என்ற அணிக்கு மேலகரத்து அத்தான், என் அக்காவின் கணவர்.

ஒருநாள் ஆத்திரத்தில், "அருவி என்ன உங்க அப்பன் வீட்டு பாத்ரூமா?" என்று எழுதிவிட்டேன். கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அத்தான் குழுவை விட்டு வெளியேறினார்.

அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். வெற்றிலை பாக்கு வைத்து முதலில் என்னைத்தான் அழைக்க வேண்டும். ஊரெல்லாம் அழைத்தாயிற்று, என் வீட்டுப் பக்கம் ஆள் வரவில்லை. அழைக்காத வீட்டுக்குப் போக ரோஷம் விடவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

சாரல் தொடங்கியதும் அக்கா ஒரு வேலை செய்தாள். துணைக்கு வரச் சொல்லி எங்கள் இருவரையும் தனித்தனியாகப் பேரருவிக்கு வரவழைத்துவிட்டாள். ஆண்கள் வரிசையில் எனக்குப் பின்னால் அத்தான். பேச்சுவார்த்தை கிடையாது.

காவலுக்கு நின்றவர் என் முதுகில் விரலை வைத்தார். "எண்ணெயா?"

"வீட்டுல தேச்சது சார். இங்கன வச்சுத் தேய்க்கத்தான கூடாது?"

"எங்க வச்சுத் தேச்சாலும் கூடாது. போர்டைப் படிங்க."

சீசனின் முதல் குளியல் என்றால் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்புவது என் பழக்கம். வாரக்கணக்கில் சண்டை போட்ட விதியை நான் முழுதாகப் படிக்கவேயில்லை என்பது அங்கேதான் உறைத்தது. அத்தான் உடம்பில் பொட்டு எண்ணெய் இல்லை.

வரிசை உடனே இரண்டு கட்சியானது. "போனாப் போகுது, விடுங்க சார்" என்றது ஒன்று. இன்னொன்றிலிருந்து ஒருவர் என்னிடம், "அருவி என்ன உங்க அப்பன் வீட்டு பாத்ரூமா?" என்றார். என் வரிதான். எத்தனை குழு சுற்றி வந்ததோ, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

அத்தான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, தன் புதுத் துண்டால் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணெய் போகிறதா தோல் போகிறதா என்று தெரியவில்லை.

"அதை எழுதுன மகராசன் இவருதான்னு அந்தாளுட்ட சொல்லட்டுமா மாப்ள?"

"வேண்டாம் அத்தான்."

துண்டு சற்று நின்றது. "எங்கப்பா செத்து இன்னும் வருசம் திரும்பலை. அவரை எதுக்குல இழுத்த?"

"தப்புதான் அத்தான்" என்றேன்.

மறுபடி துடைத்தார். முன்னைவிட மெதுவாக.

"ஞாயித்துக்கிழமை வீட்டுல இரு. வெத்தலை பாக்கோட வாரோம். இப்பம் அந்தக் கையைத் தூக்கு."