அக்காவின் பெயருக்குப் போட்ட எழுத்து

அப்பாவின் அச்சுக்கடைக் கம்ப்யூட்டரில் எத்தனையோ தமிழ் எழுத்து வகைகள் இருந்தன. ஆட்கள் கேட்டு வந்தது ஒன்றைத்தான். அதற்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர் இருந்தது; கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையில் அது கலியாண எழுத்து. அகலத் தூரிகையை மையில் தோய்த்து ஒரே மூச்சில் இழுத்ததுபோல நடு தடித்து, முனை மெலிந்து, வால் சுழன்று நிற்கும். கலியாணக் கார்டு, பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு அழைப்பு, புடவைக் கடைத் தள்ளுபடி நோட்டீஸ் எல்லாவற்றிலும் போய்க் குந்திக்கொள்ளும். விலாசத்தையும் அதிலேயே அடிக்கச் சொல்லி அடம்பிடிப்பவர்களுக்கு, சிறிதாக்கினால் 'ண'வின் சுழிகள் அடைத்துப்போவதை அப்பா பொறுமையாகக் காட்டுவார்.

"இது சத்தமாக் கதைக்கிற எழுத்து. நல்ல காரியத்துக்கு, அதுவும் பேருக்கு மட்டுந்தான்" என்பார். செத்தவீட்டு நோட்டீசுக்குச் சாதாரண எழுத்து. ஒன்பது வயதில் எனக்கு அந்தச் சட்டம் மனப்பாடம்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கடையில் பிழை பார்ப்பது அவள்தான். "என்ட கார்டில பேரை எல்லாரையும் விடப் பெரிசாப் போடோணும் அப்பா" என்பாள்.

"முதல்ல மாப்பிள்ளை வரட்டும்" என்று அப்பா சிரிப்பார்.

அந்த வருட மழைக்குப் பிறகு அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் விடிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

வீடு நிறைய அழுகை. யாரோ என்னை அப்பாவோடு அனுப்பிவிட்டார்கள். அவர் கடையைத் திறந்து, மரண அறிவித்தலைத் தானே அடித்தார். முடிக்கும்போது மாமா வந்து, சவப்பெட்டி விஷயம் கதைக்க அவரை வெளியே கூப்பிட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். பக்கத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, கலியாண எழுத்தில் அக்காவின் பெயர்.

அழுதழுது அப்பா எதையோ மாறி அமத்திவிட்டார் என்று நினைத்தேன். இதைச் சுவரில் கண்டால் ஊர் சிரிக்குமே என்று பயமாக இருந்தது. எனக்கு வழி தெரியும். பெயரைச் சாதாரண எழுத்துக்கு மாற்றினேன், அளவாகச் சிறிதாக்கினேன், பிரிண்ட் கொடுத்தேன். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அப்பா உள்ளே வந்து ஒரு தாளை எடுத்தார். கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுத்துப் பிழையா இருந்திச்சு அப்பா. நான் திருத்திட்டன்."

அவர் அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினார்.

"ஓம் பிள்ளை. இதுதான் சரி" என்றார்.

மத்தியானத்துக்குள் அந்தத் தாள்கள் எங்கள் தெருச் சுவர்களில் ஒட்டப்பட்டுவிட்டன.

அப்பா அன்று ஒரு பிழையும் விடவில்லை. மகளுக்கு இனி ஒருநாளும் அடிக்க முடியாத கார்டில் போட வேண்டிய பெயரை, கிடைத்த ஒரே தாளில் போட்டிருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அது எனக்கு விளங்கியபோது, சொல்வதற்கு அவரும் இல்லை. அன்றைக்கு நானோ, அவரைப் பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமையில், வீடு வரும்வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.