ஒரே அளவில் எட்டு குக்ரி

1. கேசரின் மணிக்கட்டு

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கேசர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். கத்தியை வாங்க இடது கையை நீட்டினார். வலது கை என்ன ஆயிற்று என்று கேட்டேன். தயங்கித் தயங்கிக் காட்டினார். மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல் பக்கம் தோல் பளபளத்தது.

சலாலாவில் ஒரு தோட்டப் பராமரிப்பு கம்பெனியில் நான் அப்போது ஸ்டோர்கீப்பர். தென்னையும் வாழையுமாக நான்கு தோட்டங்கள் எங்கள் பொறுப்பு. இங்கே கரீஃப் என்று சொல்லும் சாரல் பருவம் தொடங்கிவிட்டால், வளைகுடா முழுவதிலிருந்தும் ஜனங்கள் குளிர்ச்சி தேடி வந்து இறங்குவார்கள். அதற்குள் குலை வெட்டிய வாழைகளைச் சாய்த்து, தென்னை மட்டைகளைத் துண்டு போட்டு அப்புறப்படுத்த வேண்டும். எட்டு நேபாளிகள் இதைச் செய்தார்கள். அவர்கள் குக்ரி தவிர வேறு கத்தியைத் தொடமாட்டார்கள். முன்னோக்கி வளைந்து வயிறு பெருத்த கத்தி அது. காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம்.

கேசருக்கு முப்பத்தாறு வயது. குள்ளமான, மெலிந்த மனிதர். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. கிளினிக்கில் கட்டுப் போட்டு, சனிக்கிழமை வரை வெட்டு வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு எங்கள் சைட் இன்ஜினியர் ஸ்ரீதர் சாரிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

"ஏனுங்ண்ணா, ஒரு நாளைக்கு மூணு வரிசை வாழை முடிக்கோணும். இந்தாளு ஒண்ணரை வரிசைல நிக்கறாரு. இப்ப கைவலின்னு வேற வந்து நிக்கறாரு. திங்கக்கிழமை புரொபேஷன் ரிப்போர்ட் போடோணுங்க. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா ஊருக்கு டிக்கெட்டு, கலாஸ், முடிஞ்சுது."

"இன்னும் நாலு நாள் இருக்குல்லா சார்?" என்றேன்.

"அதிசயம் ஏதாச்சும் நடந்தா சொல்லுங்க."

2. நான் செய்த தேர்வு

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகாமல் என் டைரியையும் தினசரி வேலைத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். தேதியோடு எழுதிவைப்பது எனக்குப் பழக்கம். வீட்டில் இதற்காகக் கேலி உண்டு.

வேலைத் தாள்களின்படி, மூன்று வாரங்களுக்கு முன்பு வரை கேசர் மூன்று வரிசைக்குக் குறைந்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் இறக்கம். அவர் மட்டுமல்ல, எட்டுப் பேரில் ஆறு பேர் இறங்கியிருந்தார்கள். தென்னை மட்டை வெட்டும் இரண்டு நெட்டையர்கள் மட்டும் முன்னைவிட அதிகம் செய்திருந்தார்கள். எந்தத் தேதியில் இது தொடங்கியது என்று டைரியைப் புரட்டினேன். "புதிய குக்ரி எட்டும் விநியோகம். எல்லாம் ஒரே அளவு. பதிவேடு சுத்தம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. 

பழைய குக்ரிகள் தேய்ந்துபோனதால் புதிது வாங்கினோம். சப்ளையர் எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலங்களில் மூன்று சாம்பிள் அனுப்பினார். திருநெல்வேலிப் பக்கம் அரிவாள் வாங்குகிறவன் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால்தான் காசு கொடுப்பான். நானும் அப்படியே செய்தேன். பன்னிரண்டு அங்குலம் பார்சல் தராசில் தொள்ளாயிரத்துப் பத்து கிராம் காட்டியது. அதிலேயே எட்டுக் கத்திக்கு ஆர்டர் எழுதினேன். ஒரே அளவாக இருந்தால் யாருக்கு எது என்று பார்க்க வேண்டாம். வரிசையில் வருகிறவருக்குக் கைக்கு வந்ததைக் கொடுக்கலாம்.

பழைய இரும்புப் பெட்டியைக் கிளறிக் கேசரின் பழைய கத்தியைத் தேடி எடுத்தேன். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். எடை நானூற்று எண்பது கிராம்.

நேபாளிகளுக்கு மேஸ்திரியான சார்ஜ்ஹேண்ட் மான் பகதூரைக் கூப்பிட்டேன். எங்கள் பேச்சு இந்தியில் நடந்தது, தமிழில் தருகிறேன்; அண்ணன் என்று பொருள்படும் 'பாய்' மட்டும் அப்படியே.

"புதுக் கத்தி கனம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, பாய்?"

"சொன்னேனே! இது குக்ரி இல்ல, கோடாலின்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. டீ கூட வாங்கிக் குடுத்தீங்க."

உண்மைதான். டீ வாங்கிக் கொடுத்ததும் டைரியில் இருந்தது.

கத்தியை எப்படித்தான் பார்த்து எடுப்பது என்று கேட்டேன். அவர் பன்னிரண்டு அங்குலத்தை என் கையில் கொடுத்தார். "கையை நேரா நீட்டுங்க. மெதுவா இருபது எண்ணுங்க." பதினொன்றில் நுனி தாழ்ந்துவிட்டது. "இப்போ நீங்க வாழைக்குத் தலைவணங்குறீங்க, ஸ்டோர் பாய். வாழைதானே உங்களுக்கு வணங்கணும்!"

பிறகு பிடியைக் காட்டினார். நடுவில் ஒரு வளையம் மேடாக இருக்கும். அது நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் உட்கார வேண்டும். சுண்டுவிரல் பிடியைவிட்டு வெளியே தொங்கக்கூடாது. மட்டைக்குக் கனம் வேண்டும், கத்தியே இறங்கி வெட்டும். வாழைத் தண்டு வெறும் தண்ணீர், அதற்கு வேகம் போதும். நாள் முழுக்க அறுநூறு தடவை தூக்குகிற கைக்கு ஒரு கிராம் கூடினாலும் கனம்தான் என்றார்.

3. ஞாயிறும் திங்களும்

சாம்பிளாக வந்த பத்து அங்குலம் அலமாரியில் சும்மா கிடந்தது. ஐந்நூற்று அறுபது கிராம். ஞாயிறு காலை வீக்கம் வற்றியிருந்தது. கேசர் அந்தக் கத்தியை நீட்டிப் பிடித்தார். நான்தான் எண்ணினேன். இருபதுக்கும் நுனி அசையவில்லை. முப்பது வரை எண்ணினேன், அவர் சிரித்துவிட்டார். ஆறு மாதத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

மாலை கணக்குத் தாளில் இரண்டே முக்கால் வரிசை. அப்போதுதான் ஆறிய கையோடு அவ்வளவு.

திங்கட்கிழமை எல்லாத் தாள்களையும் ஸ்ரீதர் சார் மேஜையில் தேதி வரிசையில் அடுக்கினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரிங்ண்ணா, புரியுது. ஆனா மூணு வாரம் ஏன் அவுட்புட் கொறஞ்சுதுன்னு மேனேஜர் கேப்பாருங்களே. காரணம்னு ஒண்ணு எழுதோணுமே?"

"ஸ்டோர்ல கத்தி தப்பாத் தேர்வு பண்ணிட்டாங்கன்னு எழுதுங்க சார். நான் கையெழுத்துப் போடுதேன்."

"உங்க ஃபைல்ல ஏறுமுங்க. பத்தொம்பது வருசமா ஒரு மெமோ கூட இல்லாத ஆளு நீங்க."

"ஏறட்டும் சார். நான் இங்கதான இருக்கப்போறேன். அந்த ஆளத்தான ஃபிளைட்ல ஏத்தப் பாக்கீங்க."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு கேசரின் தாளில் 'ஃபிட்' என்று எழுதினார்.

எனக்கு மெமோ வந்தது, மூன்று வரியில். அதையும் டைரியில் ஒட்டிவைத்திருக்கிறேன். நெட்டையர்கள் இருவரும் பன்னிரண்டு அங்குலத்தை விட மாட்டோம் என்றார்கள், அவர்களிடமே விட்டேன். மற்ற ஐந்தையும் சப்ளையர் முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இம்முறை ஆர்டர் எழுதுமுன் ஐந்து பேரையும் ஜன்னலுக்கு வரவழைத்துக் கையை நீட்டச் சொன்னேன். இரண்டு பேருக்குப் பத்து அங்குலமும் கனமாகப்பட்டது, அவர்களுக்கு எட்டு அங்குலம் எழுதினேன்.

ஸ்டோரில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கருவியின் எடையைத் தராசில் பாருங்கள், எழுதிவையுங்கள். ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன், அதைத் தூக்கப்போகிறவரை ஒரு முறை ஜன்னலுக்குக் கூப்பிடுங்கள். அவர் வேடிக்கையாக ஏதாவது சொன்னால், சிரித்து முடித்தபிறகு இன்னொரு தடவை கேளுங்கள்.