ராத்தா ஊற்றிய தண்ணீர்

என் மூத்த மகள் உயிரோடிருந்தது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நேரம் முழுவதும் நான் வீட்டில் இல்லை. மருத்துவமாதைக் கூட்டிவரப் பக்கத்து ஊரான நாலந்தாவுக்குப் போயிருந்தேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நாவுலயில் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலையில் நான் ஆசிரியர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கத்தோலிக்கர். நாவுலயில் எங்களுக்குக் கோயில் கிடையாது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பஸ் பிடித்து மாத்தளைக்குப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேள்வியும் பதிலுமாக இருக்கும் அந்தச் சின்னப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதில் சொல்லாத எதுவும் வேதத்தில் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். வீட்டுக்காரருக்குக் காய்கறி வியாபாரம், சொந்தமாக ஒரு பழைய லொறி. அவருடைய மனைவிக்கு நாற்பது வயதிருக்கும். முஸ்லிம் பிள்ளைகள் அக்காவை அழைப்பதுபோல நாங்களும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவிக்கு அந்த ஊரில் வேறு துணை இல்லை.

குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரமாவது இருக்கிறது என்று எண்ணியிருந்தோம். அன்று காலை மனைவிக்கு வலி எடுத்தது. ராத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடினேன். நாலந்தாவில் மருத்துவமாது வேறொரு வீட்டுக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துத் திரும்பும்போது பதினொரு மணி தாண்டிவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. ராத்தா ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். மருத்துவமாது என்னை விலக்கிக்கொண்டு மனைவியிடம் போனார். குழந்தை வெள்ளைத் துணியில் சுற்றி மனைவியின் பக்கத்தில் கிடந்தது. முகம் என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு முழுதாகப் போகவில்லை.

மனைவிக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இரத்தம் நிறையப் போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்க. புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு."

"யாரு குடுத்தா?"

"எனக்கு எந்திரிக்க முடியல. நான் சொல்லச் சொல்ல ராத்தா தண்ணி ஊத்துனாங்க."

  அப்போது என் வாயில் வந்ததை இன்றுவரை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

"அது செல்லாது," என்றேன்.

மனைவி கையை விட்டுவிட்டாள். நான் அத்தோடு நிற்கவில்லை. ராத்தாவின் பக்கம் திரும்பி, "எங்க வேத காரியத்துல நீங்க ஏன் கை வச்சீங்க?" என்று கேட்டேன்.  ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மருத்துவமாது சிங்களத்தில் என்னைத் திட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது, என் குரல் மட்டும் போதுமாயிருந்தது.

ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தை மோட்சத்துக்குப் போகாது, மந்திரித்த நிலத்தில் அடக்கம் பண்ணவும் கூடாது என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆபத்து வேளையில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற கேள்வியையும் நான்தான் கேட்பேன். யாரும் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். ஆனால் அந்த 'யாரும்' என் மனத்தில் எப்போதும் கழுத்தில் செபமாலையோடுதான் நின்றிருக்கிறார். முக்காடு போட்ட ஒருவரை அந்த இடத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு மணி போல ராத்தாவின் வீட்டுக்காரர் வந்தார். "மாஸ்டர், லொறி ஈக்கிது. மாத்தளைக்குப் போவம்," என்றார். நடந்தது அவருக்குத் தெரியாது என்று அவர் முகமே சொன்னது. பக்கத்து வீட்டுக் குழந்தை மவுத்தாகிவிட்டது, கொண்டுபோய் அடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி அடித்தும் கொண்டுவந்திருந்தார்.

லொறியில் ஏறப்போனபோது ராத்தா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"ஒங்கட சம்சாரம் போகச் சொன்னாங்க மாஸ்டர். சாமியார் கேட்டா நான்தானே சொல்லணும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாவுலயிலிருந்து மாத்தளைவரை ஒவ்வொரு பள்ளத்திலும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கோயிலில் முதலில் வந்தவர் உபதேசியார். செபம் சொல்லிக்கொடுத்துக் கோயில் வேலைகளைக் கவனித்துக்கொள்பவர். வயதானவர், என்னை மகன்போல நடத்துபவர். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் லொறிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நீங்களே படிச்சுக்குடுக்கிற ஆளு. முஸ்லிம் பொம்பள ஊத்துனா அது வெறும் தண்ணிதானே. கல்லறை மதிலுக்கு அந்தப் பக்கம் எடம் இருக்கு. ஞானஸ்நானம் இல்லாத மத்தப் புள்ளைங்களும் அங்கதான் இருக்கு. இருட்டுறதுக்குள்ள முடிச்சிருவோம்."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்கு அநியாயமாகப் படவில்லை. அதுதான் சரி என்றே நினைத்தேன். மண்வெட்டி எடுக்க அவர் போன பிறகு மதிலுக்கு அப்பால் பார்த்தேன். புல் மூடிய சிறிய மேடுகள். சிலுவை ஒன்றும் இல்லை. எத்தனையோ ஞாயிறு அந்த வழியாக நடந்திருக்கிறேன். அவை வெறும் மண்மேடுகள் என்றே நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் இத்தாலிக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசினாலும் புத்தகத்தைப் போலவேதான் பேசுவார். உபதேசியார் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஸ்திரீ எங்கே?" என்றார்.

ராத்தா பெட்டியைப் பிடித்தபடியே இறங்கி வந்தார். சாமியார் அறைக்குள் நாற்காலியைக் காட்டினார். ராத்தா பெட்டியை அதில் வைத்துவிட்டு நின்றுகொண்டார். அவருடைய வீட்டுக்காரர் என்ன ஏதென்று தெரியாமல் கதவடியில் வந்து நின்றார்.

"குழந்தை உயிரோடிருக்கும்போதா தண்ணீர் ஊற்றினாய்?"

"மூச்சு ஈந்திச்சு. வாயைத் தொறந்து தொறந்து மூடிச்சு. அழுகதான் வரல்ல."

"எங்கே ஊற்றினாய்?"

"தலையில. நெத்தியால வழிஞ்சு காதுக்குப் போச்சு. நான் தொடச்சிவிட்டேன்."

"என்ன சொன்னாய்?"

ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி அந்தப் படுக்கையில் கிடந்தபடி சொல்லியிருப்பாள் போலும், ஒவ்வொரு துண்டாகத்தான் அவருக்கு நினைவு வந்தது. முதலில் குழந்தையின் பெயரைச் சொன்னார். நாங்கள் இருவரும் ஆசையாகத் தெரிந்தெடுத்து வைத்திருந்த பெயர். பிறகு, "பிதாவுடையவும்... சுதனுடையவும்..." அங்கே தடங்கல். உபதேசியார் என்னைப் பார்த்தார்.   காலையில் செல்லாது என்று சொன்ன நானே, பரிசுத்த ஆவிக்கு எங்கள் செபத்தில் உள்ள அந்தச் சொல் அவர் வாயில் வரவேண்டுமென்று கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்," என்று ராத்தா முடித்தார். "அது கஷ்டமான பேரு சாமி. ரெண்டு தரம் கேட்டுத்தான் சொன்னேன்."

"நீ இதை நம்புகிறாயா?"

"இல்ல சாமி."

எவ்வளவு நேராகச் சொன்னார்.  இனி ஒன்றும் இல்லை என்று பெட்டியை எடுக்கக் குனிந்தேன். சாமியார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பொறு. அம்மா, கடைசியாக ஒன்று. தண்ணீர் ஊற்றும்போது என்ன கருத்தோடு ஊற்றினாய்? உன் மனத்தில் என்ன இருந்தது?"

ராத்தா புரியாமல் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கதவடியில் நின்றபடி மெதுவாக, "நிய்யத்தைக் கேக்குறார்," என்றார்.

ராத்தாவின் முகம் தெளிந்தது. "நிய்யத்தா? அது எங்களுக்கும் வேணுமே சாமி. நிய்யத்து இல்லாமத் தொழுதா தொழுகையே கூடாது. எனக்கு இது என்னண்டு தெரியாது. ஆனா ஒங்கட கோயில்ல நீங்க ஒரு புள்ளைக்கு என்னத்தச் செய்வீங்களோ, அதயேதான் நானும் செய்றேண்டு நெனச்சிட்டு ஊத்தினேன். அந்தப் புள்ளட உம்மா கேட்டது அதத்தானே."

 சாமியார் எழுந்து அலமாரியைத் திறந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார்.

"குழந்தை ஞானஸ்நானம் பெற்றது," என்றார்.

உபதேசியாருக்குப் பொறுக்கவில்லை. "சுவாமி, நம்பிக்கையே இல்லைன்னு அவங்களே சொல்றாங்க."

"ஞானஸ்நானம் கொடுக்கிறவர் சேசுநாதர். நானும் கைதான், இவளும் கைதான். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இருந்தால் போதும். அது இவளிடம் இருந்தது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ இதைச் சொல்லிக்கொடுக்கிறவன் அல்லவா?"



பதிவேட்டில் கொடுத்தவர் பெயரை எழுதும் இடம் வந்தபோது ராத்தா பயந்துபோனார். "என்ட பேர எழுத வேணாம் சாமி." எல்லாரும் அவருடைய வீட்டுக்காரரைப் பார்த்தோம். தன் மனைவி செய்தது அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எழுதுங்க," என்றார். "செஞ்சவ இவதானே. பொய்யா எழுத ஏலாது."

சாமியார் வெள்ளை உடுப்போடு வந்தபோதும் நான் ஆடிப்போனேன். சாவுக்குக் கறுப்புதான் என் கண்ணுக்குப் பழக்கம். ஞானஸ்நானம் பெற்ற சிசு வானதூதரைப் போலச் சம்மனசாகிவிட்டது, அதற்கு அழுகைச் செபம் கிடையாது என்றார் அவர். உபதேசியார்தான் மணியடித்தார், திருநாளுக்கு அடிப்பதுபோல அடித்தார். தெருவில் போனவர்கள் கலியாணம் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அந்த மணியைத் தாங்க முடியவில்லை. மதிலுக்கு உள்ளே, மந்திரித்த நிலத்தில் மகளை வைத்தோம். ராத்தாவின் வீட்டுக்காரர் தங்கள் வழக்கப்படி மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "எங்க வச்சீங்க?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

"உள்ளதான்," என்றேன். அவள் அழத் தொடங்கினாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ராத்தாவிடம் போக எனக்கு நாலு நாள் ஆயிற்று. முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அன்று பேசியதற்காக மன்னிக்கச் சொன்னேன்.

"நான் கோவிக்கல்ல மாஸ்டர். ஒங்கட நெலமையில யாரும் ஏசத்தான் செய்வாங்க," என்றார். "நான் ஊட்டுக்குப் போன ஒடன கை, வாய் கழுவி ஒலுச் செஞ்சி, தொழுது, எங்கட கலிமாவத் திரும்பச் சொல்லிக்கிட்டேன். ஒங்கட சம்சாரத்துக்கிட்டயும் அதச் சொல்லிட்டேன். மறச்சு வைக்க மனசில்ல."

என் குழந்தைக்கு மோட்சத்தைத் திறந்துவிட்ட அதே வாயை அவர் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொண்டார். ஒரு கணம் நெஞ்சில் குத்தியது. எங்களுக்காக அவர் தன் மார்க்கத்தின் எல்லைவரை போய்விட்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு அவர் மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"ஒண்டு கேக்கவா மாஸ்டர்? அந்தக் கஷ்டமான பேரு எனக்கு வராமப் போயிருந்தா, புள்ள அந்த மதிலுக்கு வெளியதான் கெடந்திருக்குமா?"

"அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"என்ட நாக்குல ஒரு சொல்லு பொரண்டா, அதுக்குப் புள்ளய வெளிய போடுவானா படச்சவன்?"

 அடுத்த பூசைக்குப் போனபோது சாமியாரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். கடவுளின் இரக்கத்துக்கு நாம் மதில் கட்ட முடியாது என்று தொடங்கினார், பிறகு வேதசாஸ்திரிகள் சொன்னதை விளக்கினார், நடுவில் நிறுத்திவிட்டார். "நான் செபிக்கிறேன். அதைத் தவிர எனக்கும் தெரியாது," என்றார். அவர் வாயால் அப்படி ஒரு பதிலைக் கேட்பேனென்று நான் நினைத்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கு மாத்தளைப் பக்கத்து யட்டவத்தைக்கு மாற்றம் வந்தது. பின்னால் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் மாத்தளைக் கோயிலிலேயே சாமியார் கையால் ஞானஸ்நானம் கிடைத்தது. மூன்றுக்கும் ராத்தா நாவுலயிலிருந்து வந்திருந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்று, தண்ணீர் பட்டுப் பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்ட பிறகுதான் பஸ்ஸுக்குப் போனார்.