சிலிர்த்த தோல்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. நடந்தபோது அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம். இன்னொருவன் இன்றுவரை அதைப் பற்றிப் பேச மறுக்கிறான். அதனால் நான் சொல்கிறேன்.

துருவத்தை ஒட்டிய ட்ரொம்சோ ஊரில் டிசம்பர் மாதம். நடுமதியத்திலும் வெளியே இருட்டுதான். எங்கள் ஆய்வறை அதைவிட இருட்டு. லேசர் வேலைக்கு வெளிச்சம் ஆகாது.

சந்தேகத்துக்குரிய மச்சங்களை மருத்துவமனையில் வெட்டி எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். எங்களிடம் இரண்டு கருவிகள். ஒன்று தோலுக்குள் ஒளியை அனுப்பி, உள்ளே இருப்பதை அடுக்கடுக்காகக் காட்டும். ரத்தம் ஓடினால் அந்த இடம் திரையில் சிவக்கும்; மேசை அசைந்தாலும் அப்படித்தான். மற்றது, செல்களைப் பச்சையாக மின்ன வைக்கும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தால், புற்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அன்று வந்தது நகம் அளவு தோல் துண்டு. முந்தின நாள் வெட்டியது. பெயர் இல்லை, வெறும் எண். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. விதி அப்படி.

திரையில் பச்சை வந்தது. பிறகு... சிவப்பு.

"மேசைய இடிச்சியா, துரிட்?" என்றான் ஐலிஃப். என்னோடு ஆறு வருடமாக வேலை செய்பவன்.

"நான் அசையவே இல்ல."

"அப்போ கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு ஒரு துணை ஆச்சு."

அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் சிவப்பு. இப்போது அது விட்டு விட்டுத் துடித்தது.

வெட்டி எடுத்த தோலில் ரத்தம் எப்படி ஓடும்? அதற்கு இதயம் எங்கே?

அறையில் லேசரின் ர்ர்ர்... சத்தம் மட்டும்.

மணி 12:40. துண்டிலிருந்த நுண்முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்கின. கடுங்குளிரில் நம் உடம்பு செய்வது இதைத்தான்.

"ஐலிஃப்... இது குளிர்ல நடுங்குது."

அவன் சிரிக்கவில்லை. "யாரோட தோல் இது?"

வெட்டி எடுத்த டாக்டர் குன்வோரை போனில் அழைத்தேன். நர்ஸ் எடுத்தாள்.

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க."

"ஒரு பேர் மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அவசரம்."

"நோயாளி பேரு சொல்ல முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் அதே பதில். எங்கோ ஒருவர் விறைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது?

திரும்பிப் பார்த்தேன். துடிப்பு குறைந்திருந்தது.

கையுறையைக் கழற்றினேன்.

"ஏய், தொடாத."

தொட்டேன். பனிக்கட்டி போல இருந்தது. விரல் நுனியை அழுத்தி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் விரலுக்கு அடியில்... துடித்தது.

கொஞ்ச நேரம் வேகமாக.

பிறகு மெதுவாக.

பிறகு...

மணி 1:12.

நான் கையை எடுக்கவில்லை. ஐலிஃப்தான் பிடித்து விலக்கினான்.

மாலையில் டாக்டர் குன்வோர் தானாகவே எங்கள் அறைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நீ கூப்பிட்டியாமே. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? ஒட்மார்னு ஒரு மீனவர். தையல் ஆறட்டும், கடலுக்குப் போகாதீங்கன்னு சொன்னேன். கேக்கல. இன்னிக்குப் பன்னெண்டரை மணிக்குப் படகு கவிழ்ந்துடுச்சு. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் உடம்பு கிடைச்சுது."

ஐலிஃப் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"குளிர்லதான் உயிர் போயிருக்கு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உடம்பு மொத்தமும் ஐஸ், துரிட். முதுகுல தையல் போட்ட இடம் மட்டும் சூடா இருந்துச்சு. ஒரு விரல் நுனி அளவுக்கு."