வெந்நீர் ஊற்றிய முயல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இல்லாவிட்டால், "ஊரில முயல் உரிக்கிறது எனக்கு வாழைப்பழம் உரிக்கிற மாதிரி" என்று, சிட்னியில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த வெள்ளைக்காரனிடம் அளந்திருப்பேனா? உண்மையில் நான் உரித்தது வாழைப்பழம் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, துப்பாக்கியால் சுட்டு, உடல் சூடு ஆறாத முயலொன்றை அவன் என் கையில் தந்துவிட்டு, இரவு சாப்பிட வருவதாகச் சொல்லிப் போனான். நான் முயலோடு கொல்லையில் குழாயடிக்கும் கொடிக்கம்பிக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். கடைசியில், கோழிக்குச் செய்வதுபோலக் கொதிநீரை ஊற்றி முடியைப் பிடுங்கினேன். தோல் துண்டு துண்டாகக் கிழிந்தது. முடியெல்லாம் இறைச்சியில் ஒட்டிக்கொண்டது.

"உந்தக் கோலத்தில அதைக் குசினிக்குள்ள கொண்டு வராதேங்கோ" என்றாள் மனைவி, சமையலறை வாசலை மறித்து நின்று. "அந்த மனிசன் வந்தா என்னத்தைக் குடுக்கப் போறியள்?"

கழுவினேன், சுரண்டினேன், முள் எடுக்கிற சாமணத்தால் ஒவ்வொரு முடியாக இழுத்தேன். தெருவில் எந்தக் கார் போனாலும் எழுந்து நின்றேன். மனைவி வறுத்த மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுக் கறியைக் கறுப்பாக்கினாள்.

வந்தவன் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டான். எனக்கு மூச்சு வந்த நேரம், பல்லிடுக்கிலிருந்து சாம்பல் நிற முடியொன்றை மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எங்கட ஊரில ருசிக்காகக் கொஞ்சம் விடுறது" என்றேன்.

அவன் முடியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"அடுத்த முறை உரிச்சே கொண்டு வாறன்."