சலாவுலா குவியலில் ஒரு கோட்டு

இந்த ஊரில் காலுறைக்கும் இஸ்திரி போடுகிறார்கள். வந்த முதல் வாரம் என் நாட்குறிப்பில் எழுதிய வரி இது. பக்கத்து வீட்டு பீரியின் மனைவி காலை ஆறேகால் மணிக்குக் கரியடுப்பிலிருந்து கங்கு அள்ளி இஸ்திரிப் பெட்டியில் போடுவார். சட்டை, துண்டு, உள்பனியன், தலையணை உறை, கடைசியில் காலுறை. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. பீரி நான் வேலை பார்க்கும் பள்ளியில் பூகோள ஆசிரியர், நான் கணக்கு. ஜாம்பியாவின் தெற்கு மேட்டுநிலத்தில், தகரக்கூரை வீடுகளிலிருந்து கத்திமுனை மடிப்புள்ள கால்சட்டைகளோடு ஆட்கள் வெளியே வருவதைப் பார்த்து, இவர்களுக்கு எதற்கு இவ்வளவு மினுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது மழைக்காலம். மூன்றாம் வாரம் என் முதுகில் நான்கு கட்டிகள் கிளம்பின. ஈரத்துணியில் முட்டையிடும் ஓர் ஈ இங்கே உண்டு; புட்சி என்று பெயர். அதன் புழு துணியிலிருந்து தோலுக்குள் இறங்கிவிடும். இஸ்திரிச் சூட்டில்தான் சாகும். "தேய்க்காமலா போட்டீர்கள்? கணக்கு வாத்தியார் என்றல்லவா சொன்னார்கள்" என்று பீரி சிரித்தார்.

இஸ்திரிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பீரியின் கோட்டுக்குத்தான் தெரியவில்லை. கடைகளில் அலமாரிகள் காலியாகக் கிடந்த காலம் அது, சோப்புக்கே வரிசை. அப்படியிருக்க ஜூன் மாதக் குளிர் தொடங்கிய அன்று அவர் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். தோளில் ஒரு சுருக்கமில்லை. உள்பக்கத்து லைனிங் மட்டும் லேசாக நைந்திருந்தது. பழசு என்று கண்டுகொண்ட நான், "நன்றாக இருக்கிறது. யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன். பிரியமாக விசாரிக்கும் எண்ணத்தில்தான் கேட்டேன். அவர் முகம் இறுகியது. "கொடுத்தார்களா? எனக்கு எதற்கு ஒருவர் கொடுக்க வேண்டும்?" அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும்? திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் தெருவில் ஒரு பழந்துணி இருக்கிறது என்றால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். என் பெற்றோர் மிராசுதாரின் பண்ணையில் வேலை செய்தவர்கள். வருஷத்துக்கொரு முறை, பொங்கல் கழிந்து, அந்த வீட்டுக் கொல்லைப்பக்கத்தில் போய் நின்றால் ஒரு மூட்டை கிடைக்கும். நான் கல்லூரியில் பியூசி படிக்கப் போனபோது போட்டிருந்த இரண்டு சட்டைகளில் ஒன்று அந்த மூட்டையில் வந்தது. மிராசுதாரின் மகனும் அதே வகுப்பு. ஒருநாள் பின்னால் வந்து என் காலரைத் திருப்பிப் பார்த்தான். "டேய், என் சட்டைடா இது! எனக்கு இருந்ததவிட உனக்கு எடுப்பா இருக்கே" என்றான். வகுப்பே சிரித்தது.

ஆட்சி மாறியிருந்த சமயம். சுவரெல்லாம் சூரியன், எங்கள் தெருமுனையில் செங்கொடி. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்கு வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப்போவதாக மிராசுதார் சொல்லியிருந்தார். அடியாட்களுக்குப் பயந்து ராத்திரிகளில் ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. சட்டை விஷயத்தை நான் சொன்னதும் அம்மா எழுந்தாள். வீட்டிலிருந்த மூட்டைத்துணி அத்தனையையும் பொறுக்கினாள். வாய்க்காலில் சவுக்காரம் போட்டு வெளுத்தாள். வடிகஞ்சியில் முக்கி, நீலம் போட்டு உலர்த்தி, பித்தளைச் சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்தாள். மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, கொல்லைப்பக்கம் போகாமல், நேரே வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"என்னடி இது? சலவைக்கா போட்டிருந்தேன்?" என்றார் அந்த வீட்டம்மாள்.

"இல்லீங்க. ஒங்க துணி ஒங்ககிட்ட வந்திருக்கு. அழுக்கு இருக்கான்னு பாத்துக்கங்க."

திரும்பி வரும்போது அம்மா என்னிடம், "இனிமே அடுத்தவன் போட்டுக் கழிச்சது நம்ம ஒடம்புல ஏறக் கூடாது தம்பி" என்றாள். அந்த வருஷம் முழுவதும் எனக்கு ஒரே சட்டை. அம்மாவுக்கு ஒரே புடவை; பாதியை உடுத்திக்கொண்டு மறுபாதியை அலசி, காற்றில் பிடித்து உலர்த்துவாள். நான் ஒருநாளும் கசங்கிய சட்டையோடு கல்லூரிக்குப் போகவில்லை. காலர் நைந்தபோது பிரித்துத் திருப்பித் தைத்தோம்.

மூன்றாம் நாள் நானே போய் இதையெல்லாம் பீரியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்கள் அம்மா செய்தது சரி. ஆனால் இந்தக் கோட்டை மூன்று சனிக்கிழமை சந்தைக் குவியலைக் கிளறித் தேடி எடுத்தேன். என் தோளுக்குச் சரியாக இருக்கும் ஒன்றுக்காகப் பதினோரு கோட்டைத் தள்ளினேன். அங்கே என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை" என்றார். வெள்ளைக்காரர் நாடுகளிலிருந்து கப்பலில் பொதிபொதியாக வரும் பழந்துணிக்குச் சலாவுலா என்று பெயர். கிளறிப் பொறுக்குதல் என்று பொருளாம்.

பீரிக்கு அது சரி, எனக்கு ஆகாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜூன் இரண்டாம் வாரம் காலையில் நான்கு டிகிரி. என் மகள் தேன்மொழிக்கு ஏழு வயது. இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் இருமிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். என் மனைவி கமலா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"சலாவுலாவுக்குப் போயி ஒரு கோட்டு எடுத்துட்டு வாங்க."

"அம்மா என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும்ல."

"அத்தை சொன்னது தஞ்சாவூர் ஜில்லா வெயில்ல. இங்க வந்து ஒரு நாள் விடியக்காலம் வெளிய நின்னுட்டு அதையே சொல்லச் சொல்லுங்க, கேட்டுக்குறேன். பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிட்டுன்னா ஒங்க ரோசத்தையா அரைச்சுப் பத்துப் போடுறது?"

சனிக்கிழமை போனோம். தார்ப்பாய்மேல் இடுப்பு உயரக் குவியல். நான் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றேன். கமலா முழங்கை வரை உள்ளே விட்டாள். கத்திரிக்காய் பொறுக்குவதுபோல எடுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, தையலை இழுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டேயிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கருஞ்சிவப்பில் ஒரு சின்னக் கோட்டு வந்தது. கடைக்காரப் பெண் கைதட்டினாள். வீட்டில் வெந்நீரில் அலசி உலர்த்தி, நானே தேய்த்தேன். உள்காலரில் முன்பு அதைப் போட்ட குழந்தையின் பெயர் பின்னியிருந்தது; படிக்கத் தெரியாத மொழி. தேன்மொழி அதைப் பிரிக்க விடவில்லை. பத்து நாளில் இருமல் நின்றது.

கோட்டோடு அவள் நிற்கும் புகைப்படத்தை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு வரும் கடிதத்தைப் படிப்பகத்தில் யாராவது உரக்கப் படித்துக்காட்டுவார்கள், தெருவே கேட்கும். புதுசு என்று எழுதிவிடலாம். நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவதில், பழசுதான், சந்தையில் கமலா பொறுக்கி எடுத்தாள் என்று எழுதி, ஒட்டி, தபாலில் போட்ட நேரத்தையும் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆறு வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை.

பதில் வேறொருவர் கையெழுத்தில் வந்தது. குரல் அம்மாவுடையது. "யார் வாசல்லயும் போயி நிக்காம எடுத்ததுன்னா சரிதான். பிள்ளைக்குக் கை ரெண்டு விரக்கடை நீளமாருக்கு, கமலாவ மடிச்சுத் தைக்கச் சொல்லு. போன மார்கழிப் பனியில களத்துல நெல்லுக்குக் காவல் இருக்க முடியல. எனக்கும் ஒண்ணு பாரு. நீ எடுக்காத, ஒனக்குத் துணி பாக்கத் தெரியாது."

அந்தச் சனிக்கிழமை பீரியும் எங்களோடு வந்தார். இம்முறை நானும் கைவிட்டுத் தேடினேன். தவிட்டு நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டையைக் கமலா தூக்கிப் பிடித்தாள். "அத்தைக்குத் தோள் காணுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாட்குறிப்பில் மழையளவும் தபால் நேரமும் எழுதிவைப்பவன் நான். அம்மாவின் தோளை நான் அளந்து வைத்ததில்லை. "எவ்வளவு அகலம்? காட்டுங்கள்" என்றார் பீரி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன். துணிமூட்டையைத் தலையில் சுமந்து எனக்கு முன்னே நடந்த தோளுக்கு அந்த இடைவெளி போதவில்லை. கைகளை விரித்தேன். விமான நிலையத்துக்கு நான் கிளம்பிய அன்று என்னைக் கட்டிக்கொண்ட உடம்புக்கு அது அதிகம். குறுக்கினேன், விரித்தேன். கடைக்காரப் பெண், பீரி, கமலா மூன்று பேரும் என் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்த காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.